முன் இருக்கைக்கு ஆள் வேண்டும்

தமிழ்நாட்டுச் சைக்கிள் குழுக்களின் நண்பர்களுக்கு,



விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு சேர்கிறவர்கள் நீங்கள். சென்னையில் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம், மதுரையில் அழகர்கோவில் சாலை, திருச்சியில் கல்லணைப் பக்கம், கோவையில் மலையடிவாரம் என்று ஊருக்கு ஊர் பாதை மாறும். தலைக்கவசமும் பளிச்சென்ற ஜெர்சியும், ஓட்டம் முடிந்ததும் பொங்கல் வடையும் எல்லா ஊருக்கும் பொது. நானும் அந்த வரிசையின் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் ஒருவகைக் காணொளி உங்களுக்குத் தெரியும். ஒற்றைக் காலோடு ஒருவர் மலைச்சாலையில் மிதித்து ஏறுவார். அல்லது இரண்டு கால்களும் இல்லாத ஒருவர் கையால் சுழற்றும் வண்டியில் பறப்பார். பின்னணியில் உருக்கமான இசை. 'இவரால் முடிகிறது, உனக்கென்ன கேடு?' என்கிற மாதிரி ஒரு வரி. கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கும். அடுத்த நிமிடமே, நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்கே கூடுவது என்ற பேச்சு தொடங்கிவிடும். நாளைய ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒரு மாற்றுத்திறனாளியாவது இருக்கிறாரா என்று பார்த்தால், அநேகமாக இருக்க மாட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்களில் ஒருவருக்குக்கூடவா சைக்கிள் ஓட்ட ஆசை இருக்காது?

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஓர் இதழாளர் இருந்தார். நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014-இல் சிட்னியில் அவர் ஆற்றிய உரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மற்றவர்கள் பார்த்து ஊக்கம் பெறுவதற்கான பொருளாக மாற்றுத்திறனாளிகளை ஆக்குவதை, சிரிக்க வைத்தபடியே அவர் தோலுரித்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே மறைந்தும் போனார். அவருடைய கோபத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த ஒற்றைக்கால் ஓட்டியை மலை ஏற்றியது மன உறுதி மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டால், நமக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சம் இல்லை. அவருக்கு உறுதி இருந்தது, ஏறினார். பக்கத்துத் தெருக்காரருக்கு உறுதி இல்லை, வீட்டில் இருக்கிறார். கதை முடிந்தது. உண்மையில், ஏறிய ஒவ்வொருவருக்கும் உறுதியோடு இன்னும் இரண்டு கிடைத்திருந்தன: உடம்புக்குப் பொருந்திய வண்டி, கூட வர ஓர் ஆள்.

இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மில் பலர் சைக்கிள் கற்றது அப்பாவுடைய வண்டியிலோ, மணிக்கணக்கு வாடகை வண்டியிலோதான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. ஆகவே பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்துக் குரங்கு பெடல் போட்டோம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு அண்ணனோ மாமாவோ ஓடி வந்தார். வண்டி உடம்புக்குப் பொருந்தாதபோது என்ன செய்வது என்பது அந்த வயதிலேயே நமக்குத் தெரியும். வளர்ந்தோம், கால் எட்டியது, மறந்துவிட்டோம்.

இனி நான் சொல்லப்போகிறவர்களின் கதைகளில் வண்டியையும் கூட இருந்தவர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கானா நாட்டில் 1977-இல் பிறந்தவர் இம்மானுவேல் ஒஃபோசு யெபோவா. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய பெரிய எலும்பு இல்லாமலே பிறந்தார். உடற்குறையோடு பிறந்தவர்களுக்கு அந்த ஊரில் அன்று காத்திருந்தது பெரும்பாலும் தெருவோரப் பிச்சை. அவருடைய தாய் கம்ஃபர்ட் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு இம்மானுவேல் தலைநகர் அக்ராவுக்குப் போய், பிச்சை எடுக்காமல் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். தாய் இறந்தபின் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது: ஒற்றைக் காலால் மிதித்தே நாட்டின் குறுக்கே போக வேண்டும், போகிற வழியெல்லாம் ஜனங்கள் தம்மைப் பார்க்க வேண்டும். சைக்கிள் இல்லை. மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு உதவும் கலிஃபோர்னிய அமைப்பு ஒன்றுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வண்டி வந்தது. 2001-இல் ஏறத்தாழ 600 கி.மீ. மிதித்தார். வழியில் பள்ளிகளில் பேசினார், ஊர்த் தலைவர்களைச் சந்தித்தார். 2006-இல் கானா நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குப் பலர் பாடுபட்டார்கள். அவர்கள் கேட்டதை நாட்டின் காதில் விழ வைத்ததில் இந்தச் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

காணொளிகளில் பெரும்பாலும் இடம்பெறாத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. அந்த அமைப்பு அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்தது. அங்கே 56 மைல், அதாவது 90 கி.மீ. ஓட்டத்தை ஒற்றைக் காலால் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் முடித்தார். பிறகு மருத்துவர்கள் அந்த வளராத காலை அகற்றி, செயற்கைக் கால் பொருத்தினார்கள். அடுத்த முறை அதே தூரத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்தில் முடித்தார். ஆள் அதே ஆள், உறுதி அதே உறுதி. மூன்று மணி நேரத்தைக் குறைத்துக் கொடுத்தது ஒரு கருவி. மன உறுதியை வியக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் அருமையை அலெக்ஸ் சனார்டியைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. இத்தாலிக்காரர். ஃபார்முலா 1 காரும் ஓட்டியவர். 2001 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2003-இல் அதே தடத்துக்குத் திரும்பி, அன்று முடிக்காமல் விட்ட 13 சுற்றுகளையும் ஓட்டி முடித்தார். பிறகு கைச்சைக்கிளுக்கு வந்தார். லண்டன் 2012 பாராலிம்பிக்கில் பிராண்ட்ஸ் ஹட்ச் கார்ப்பந்தயத் தடத்தில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. ரியோ 2016-இலும் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. ரியோவில் முதல் தங்கம் வாங்கியபோது, அந்த விபத்து நடந்து 15 ஆண்டு நிறைய ஒரே ஒரு நாள் மிச்சம். பந்தயக் கார்களை உருவாக்கும் டல்லாரா நிறுவனம் அவருடைய உடம்புக்கென்றே கைச்சைக்கிள் வடிவமைத்துத் தந்தது. பந்தயக் காரின் ஒவ்வொரு திருகையும் தெரிந்த மனிதர், தம் வண்டியையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

கைச்சைக்கிளைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மூன்று சக்கரங்கள். கிராங்க் மார்புக்கு நேரே இருக்கும். கால் பெடல்போல ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருக்காது. இரண்டு கைப்பிடியும் சேர்ந்தே சுற்றும். செயின் முன்சக்கரத்தை இழுக்கும், அதே முன்சக்கரம்தான் திரும்பவும் செய்யும். இடுப்பு அசைவு உள்ளவர்கள் மண்டியிட்டு, முழு உடம்பையும் முன்னே தள்ளி ஓட்டுவார்கள். மற்றவர்கள் சாய்ந்து படுத்தபடி ஓட்டுவார்கள். தரையோடு தரையாகப் போவதால் எதிர்காற்று குறைவு, சமதளத்திலும் இறக்கத்திலும் வேகம் பிடிக்கும். கைத்தசை காலைவிடச் சிறியது என்பதால் ஏற்றத்தில் பின்தங்கும். நம் ஈ.சி.ஆர். தட்டையான சாலை. இந்த வண்டிக்கு ஏற்ற சாலை என்றே சொல்வேன்.

இதைப் படிக்கும்போது உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பார்த்த ஒருவர் நினைவுக்கு வருகிறாரா? ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த மூன்று சக்கர வண்டி. ஒரு கையால் சுழற்றி, மறு கையால் திசை திருப்பிக்கொண்டு வருவார். பின்னால் ஊதுபத்தியோ பேனாவோ கைக்குட்டையோ அடுக்கிய பெட்டி. பெரும்பாலும் கியர் கிடையாது. இரும்புச் சட்டத்தின் எடையே ஆளை இழுக்கும். கான்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் இத்தகைய வண்டிகளைச் செய்கிறது. முகாம்களில் ஆட்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்து, வண்டியைக் கொடுப்பார்கள். கடைத்தெருவில் பார்த்த அந்த மனிதர் வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு என்று மேம்பாலம் ஏறி இறங்கித் தினமும் கையால் சுழற்றுகிறார். நாம் ஞாயிற்றுக்கிழமை உயிரைக் கொடுத்து ஏறுகிற அதே மேம்பாலம். அவரைக் கடக்கும்போது நாம் விலகி வழி விடுகிறோம், சில்லறைக்குப் பையைத் துழாவுகிறோம். 'நீங்களும் சைக்கிள்காரர்தானே' என்ற எண்ணம் நமக்கு வந்ததே இல்லை. சனார்டியின் காணொளியைப் பகிர்கிற கை அந்த மேம்பாலத்தில் ஒரு வணக்கம் சொல்லக்கூட எழுவதில்லை.

அடுத்தது, கூட வரும் ஆள்.

பார்வையற்றவர்களின் சைக்கிள் போட்டியில் ஓடுவது டாண்டம் வண்டி. இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல். முன்னால் பார்வையுள்ளவர், அவர் பைலட். பின்னால் பார்வையற்றவர், அவர் ஸ்டோக்கர். நாம் கல்லூரிக்குப் போன டபுள்ஸ் மாதிரி பின்னால் இருப்பவர் சும்மா உட்கார்ந்து வருவதில்லை. இருவர் கால்களும் ஒரே செயினால் கட்டுண்டவை. ஒருவர் மிதிக்கத் தொடங்கினால் மற்றவரும் தொடங்கியாக வேண்டும், ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். பாராலிம்பிக்கில் பதக்கம் இருவர் கழுத்திலும் விழும்.

அயர்லாந்தின் கேட்டி-ஜார்ஜ் டன்லெவி விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் உள்ளவர். அவருடைய பைலட் ஈவ் மெக்கிரிஸ்டல் ஒரு காவல்துறைக்காரர். இருவரும் சேர்ந்து ரியோவில் தனிநேர ஓட்டத்தில் தங்கம் வென்றார்கள். டோக்கியோவில் தனிநேர ஓட்டம், சாலைப் போட்டி இரண்டிலும் தங்கம், தடப் போட்டியில் வெள்ளி. பாரிஸ் 2024-இல் சாலைக்கு லிண்டா கெல்லி பைலட்டாக வந்தார், மறுபடி தனிநேர ஓட்டத்தில் தங்கம். தடத்தில் ஈவ் மெக்கிரிஸ்டலோடு வெள்ளி. பைலட் மாறினாலும் பதக்கம் மாறவில்லை என்றால், பின் இருக்கையில் இருப்பவரின் கால் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஆனால் முன் இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் அந்தக் கால்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. புணேயைச் சேர்ந்த திவ்யான்ஷு கணாத்ரா 19 வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். 2016-இல் டாண்டம் சைக்கிளில் மணாலியிலிருந்து 5,300 மீட்டருக்கு மேல் உயரமான கர்துங் லா கணவாய் வரை மிதித்தார். அவர் தொடங்கிய அமைப்பு, உடற்குறை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒன்றாகவே சைக்கிளிலும் மலையேற்றத்திலும் இறக்குகிறது. ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளச் சேர்ந்து விளையாடுவதைவிட எளிய வழி எது?

ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா சாலை விபத்தில் ஒரு காலை இழந்தபின் சைக்கிளுக்கு வந்தவர். 2013-இல் டெல்லியில் நடந்த ஆசிய பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். அதோடு நிறுத்தாமல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எல்லைப் பாதுகாப்புப் படையிலும் மத்திய ரிசர்வ் காவல் படையிலும் பணியின்போது கை, கால் இழந்தவர்களுக்கு அங்கே சைக்கிள் பயிற்சி கிடைக்கிறது. 2020 இறுதியில் அவர்களுடைய அணி ஒன்று காஷ்மீரிலிருந்து நம் கன்னியாகுமரி வரை மிதித்து வந்தது. பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில்தான் இந்தியா முதல்முறையாகப் பாரா சைக்கிளில் கலந்துகொண்டது. போனவர்கள் இருவர்: ஆந்திரத்தின் அர்ஷத் ஷேக், மகாராஷ்டிரத்தின் ஜோதி கடேரியா. இருவரும் அந்த அறக்கட்டளையில் பயின்றவர்கள். அந்தப் பாராலிம்பிக்கில் சைக்கிளுக்கு மட்டும் 51 தங்கங்கள் இருந்தன. இத்தனை பெரிய நாட்டால் இரண்டு பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அந்த இரண்டு பேரும் ஓர் ஊரில், ஒரு மனிதர் போட்ட பாதையில் வந்தவர்கள். இப்படி ஒரு பாதையை ஏன் திருநெல்வேலியில் போடக்கூடாது, ஏன் சேலத்தில் போடக்கூடாது?

'எங்கள் குழுவின் வேகத்துக்கு அவர்களால் வர முடியுமா?' என்று சிலர் தயங்குவீர்கள். டெல்லி 2010 காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்து அணியில் வந்த சாரா ஸ்டோரிக்கு இடது கை பிறவியிலேயே செயல்படவில்லை. எல்லோருக்குமான பிரிவில், எல்லோருடனும்தான் போட்டியிட்டார். 1992-இல் 14 வயதில் நீச்சல் வீராங்கனையாகப் பாராலிம்பிக்கில் நுழைந்தவர், பிறகு சைக்கிளுக்கு மாறி, பாரிஸ் 2024 வரை மொத்தம் 19 தங்கம் வென்றிருக்கிறார். நம் குழுவின் வேகத்துக்கு அவர் வர முடியுமா என்பதைவிட, அவர் வேகத்துக்கு நாம் வர முடியுமா என்று கேட்பதே பொருத்தம்.

எல்லோரும் சாரா ஸ்டோரி ஆக வேண்டியதும் இல்லை. பாரா சைக்கிள் விதிகளே இதை அழகாகக் கையாள்கின்றன. வழக்கமான சைக்கிளுக்கு சி1 முதல் சி5, கைச்சைக்கிளுக்கு எச்1 முதல் எச்5, சமநிலை பிடிக்க முடியாதவர்களின் மூன்று சக்கர சைக்கிளுக்கு டி1, டி2, டாண்டத்துக்கு பி. எண் குறையக் குறைய உடற்குறை கடுமை என்று பொருள். பல பிரிவுகளைச் சேர்த்து ஓட்டும் சில போட்டிகளில், உடற்குறையின் அளவுக்கேற்ப நேரத்தை ஒரு காரணியால் பெருக்கிக் கணக்கிடுவார்கள். யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதோடு, யார் எதை வைத்துக்கொண்டு தொட்டார் என்பதும் கணக்கில் வரும். நம்மில் பலர் ஓட்டும் பிரேவே என்ற நெடுந்தூர ஓட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் கெடு. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே பதிவுதான். பிரான்ஸின் 1,200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தில் டாண்டமும் மூன்று சக்கர வண்டியும் முறைப்படி ஏற்கப்படுகின்றன. வேகத்தை வழிபடாத ஒரு மரபு நம் கையிலேயே இருக்கும்போது, கதவை மூடி வைத்திருப்பானேன்?

இன்னொரு தயக்கமும் இருக்கும்: நடக்கவே சிரமப்படுகிறவரைச் சைக்கிளில் ஏற்றலாமா? 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருக்குப் பார்க்கின்சன் நோய் முற்றியிருந்தது. நடக்க முயன்றால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், சில அடிகளில் விழப் போவார். ஆனால் சைக்கிளில் ஏற்றிவிட்டால் தடுமாறாமல் ஓட்டிப் போவார், திரும்பியும் வருவார். இறங்கிய உடனே கால் மறுபடி உறையும். மூட்டுவலி, பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் கண்ட பலருக்கும் உடம்பின் பாரத்தைச் சீட் தாங்குவதால் நடையைவிட மிதிப்பது இலகு. எல்லோருக்கும் இது பொருந்தாது. மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். ஆனால் 'நடக்க முடியாதவருக்கு சைக்கிள் எதற்கு' என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, குழுவுக்கு ஒரு டாண்டம். இறக்குமதி சக்கரம் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுகிறவர்கள் நாம். பத்து இருபது பேர் சேர்ந்தால் பொதுவில் ஒரு டாண்டம் வாங்க முடியாதா? வாங்கினால் மட்டும் போதாது, பைலட்டாக இருக்கப் பழக வேண்டும். முதலில் பார்வையுள்ள ஒருவரைப் பின்னால் வைத்து, ஆளில்லாத சாலையில் பழகுங்கள். வண்டி நீளம், திரும்ப இடம் அதிகம் வேண்டும், எடை அதிகம் என்பதால் நிற்கவும் நேரமாகும். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகுங்கள். 'கியர் மாத்தறேன்', 'பள்ளம்', 'மிதிக்க வேண்டாம்', 'நிக்கறோம், இடது கால் கீழ'. நம் ஊரில் வர்ணம் போடாத வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சொல்ல மறந்தால் பின்னால் இருப்பவரின் முதுகு சொல்லும். சாலையில் தெரிவதையும் சொல்லலாம்: உப்பளம் வந்துவிட்டது, வலது பக்கம் கடல் தெரிகிறது, முன்னால் ஆட்டு மந்தை. அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். சிலருக்குக் காற்றின் சத்தமே போதும்.

இரண்டாவது, உங்கள் மெக்கானிக். ஒரே பிடியில் இரண்டு பிரேக்கையும் இழுக்கும் லீவர் இருக்கிறது. ஒரு கை உள்ளவருக்கு அது போதும். முழங்கால் முழுதாக மடங்காதவருக்குக் குட்டையான கிராங்க் போடலாம். செயற்கைக் கால் பெடலிலிருந்து நழுவாமல் பிடித்துவைக்க வழி இருக்கிறது. தொடைக்கு மேல் கால் இழந்து ஒற்றைக் காலால் மிதிப்பவருக்குத் தொடையைத் தாங்கும் கிண்ணம் பொருத்துகிறார்கள். ஜெய்ப்பூரில் 1968-இல் உருவான ஜெய்ப்பூர்க் கால், சம்மணமிட்டு உட்காரவும் வயலில் இறங்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஏற்றதாக, நம் நாட்டு வாழ்க்கையை மனதில் வைத்தே செய்யப்பட்டது. லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பழைய மூன்று சக்கர வண்டிக்கு கியர் பொருத்த கோவைப் பட்டறைக்காரரைவிட கெட்டிக்கார ஆளை எங்கே தேடுவது? ஆனால் அளவு எடுக்க வேண்டியவர் ஓட்டப் போகிறவர். அவரை உட்கார வைத்து, அவர் சொல்வதைக் கேட்டபின் ஸ்பானரைத் தொடுங்கள்.

மூன்றாவது, வெயில். செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் வியர்வை சேர்ந்தால் கால் வழுக்கும், தோல் உரியும். கழற்றித் துடைத்து மாட்ட நேரம் வேண்டும். அந்த நிறுத்தத்தை ஓட்டத் திட்டத்திலேயே சேருங்கள். கழுத்தருகே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. அவர்களுக்கு மேலே தெளிக்கத் தண்ணீர் வேண்டும், இன்னும் சீக்கிரம் கிளம்பி இன்னும் சீக்கிரம் முடிக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தப்புண் வந்தால் அவர்களுக்கே தெரியாது. ஆகவே நல்ல மெத்தை அவசியம்.

நான்காவது, பாதுகாப்பு. கைச்சைக்கிள் தாழ்வானது, லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் எட்டாது. உயரமான கொடியும் பளிச்சென்ற விளக்கும் கட்டுங்கள், முன்னும் பின்னும் ஒருவர் கூடப் போங்கள். சனார்டியே 2020 ஜூன் 19 அன்று டஸ்கனியில் சாலை ஓட்டம் ஒன்றில் கைச்சைக்கிள் லாரியில் மோதித் தலையில் கடுமையாகக் காயமடைந்தார். எவ்வளவு திறமையான ஓட்டிக்கும் சாலை சாலைதான்.

ஐந்தாவது, கூடும் இடம். படி இல்லாத கழிப்பறை, உள்ளே போக முடிகிற ஓட்டல், வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாறக் கொஞ்சம் சமதளம். இந்த மூன்றையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, விளையாட்டில் அவர்கள் முழுமையாகப் பங்கேற்க வழி செய்வதை அரசின் கடமையாக்குகிறது. அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கல்லணைச் சாலை ஓட்டலின் படி அப்படியேதான் இருக்கும். அங்கே வாரா வாரம் கூட்டமாகச் சாப்பிடுகிறவர்கள் நாம். ஒரு பலகையைப் போட்டுச் சாய்தளம் ஆக்கச் சொன்னால் முதலாளி கேட்க மாட்டாரா?

கடைசியாக, பேச்சு. முதல் சந்திப்பிலேயே 'எப்படி ஆச்சு?' என்று கேட்காதீர்கள். கேட்காமல் வண்டியையோ ஊன்றுகோலையோ தொடாதீர்கள். 'உங்களைப் பார்த்தாலே புல்லரிக்குது சார்' என்று சொல்லித் தர்மசங்கடப்படுத்தாதீர்கள். அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். கியரைப் பற்றிக் கேளுங்கள், டயரின் காற்றழுத்தத்தைப் பற்றிக் கேளுங்கள், ஏற்றத்தில் திணறினால் மற்றவர்களைக் கிண்டல் செய்வதுபோல அவரையும் கிண்டல் செய்யுங்கள். கிண்டலில் சேர்த்துக்கொண்டால்தான் குழுவில் சேர்த்ததாக அர்த்தம்.

உங்கள் குழுவின் அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டே முடிவுகள் எடுங்கள். பார்வையற்றோர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், கடைத்தெருவின் மூன்று சக்கர வண்டிக்காரர் என்று உங்கள் ஊரில் ஒருவரிடமாவது நேரில் போய், 'எங்களோடு ஓட்ட வருகிறீர்களா, என்ன வேண்டும்?' என்று கேட்பது ஒன்று. அவர் சொல்வதைப் பட்டியல் போட்டு, யார் எதைச் செய்வது என்று பெயர் எழுதுவது மற்றொன்று. அவர் வர விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் உரிமை, அடுத்தவரைக் கேளுங்கள். பட்டியலில் டாண்டத்தின் முன் இருக்கை என்று ஒரு வரி வந்தால், அதற்கு நேரே முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஞாயிறு வர முடியாமல் போனால் மாற்று ஆள் வேண்டும், ஆகவே அடுத்த வரியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

அன்புடன்,
வரிசையின் கடைசியில் வரும் உங்கள் சக ஓட்டி